வூடியின் தோள் தையல்

டிடிபி வேலையில் எனக்கு 22 வருடம். வலது மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டுதான் இதைத் தட்டுகிறேன். அதனாலோ என்னவோ, ‘டாய் ஸ்டோரி 2’ என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வூடி பொம்மையின் தோள் கிழிகிற இடம்தான். அதைச் சரிசெய்ய ஒரு முதியவர் வருவார். ஊசியில் நூல் கோர்த்துத் தோளைத் தைப்பார், கண்ணைத் துடைப்பார், கன்னத்துக்கு வண்ணம் பூசுவார். எப்போது முடியும் என்று நச்சரிக்கும் கடைக்காரரிடம், கலையை அவசரப்படுத்த முடியாது என்பார். கைவேலைக்கு இவ்வளவு மரியாதை செய்த காட்சியை வேறொரு கணினிப் படத்தில் நான் பார்த்ததில்லை.

அதைச் செய்தவர்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

வீடியோ கேசட்டுக்கென்று தொடங்கி, பிறகு தியேட்டருக்கு மாறிய படம் அது. வேலை வெகுதூரம் போன பிறகுதான் கதை தேறவில்லை என்று, அதைத் தயாரித்த பிக்சார் ஸ்டுடியோ உணர்ந்தது. பெரும்பகுதியைத் தூக்கிப்போட்டு மறுபடி செய்தார்கள். 1999 நவம்பர் வெளியீட்டை டிஸ்னி தள்ளிவைக்கவில்லை. கையில் இருந்தது சுமார் 9 மாதம்.

படத்தைக் கணினியே வரைந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முதல் படத்திலேயே வூடியை அசைக்க 700க்கும் மேற்பட்ட கட்டுப்பாடுகள் இருந்தன. அதில் முகத்துக்கு மட்டும் 212. புருவம் ஏற ஒன்று, உதட்டோரம் சுழிக்க இன்னொன்று. ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் மவுஸைப் பிடித்து நகர்த்தி, போட்டுப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி நகர்த்த வேண்டும். ஒரு நொடிப் படத்துக்கு 24 சட்டகம். பரீட்சை கைடு சீசனில் பக்கம் கட்டியவனுக்கு அந்த வலி விளக்காமலே புரியும்.

பிக்சாரின் தலைவராக இருந்த எட் கேட்மல் பின்னாளில் தன் நூலில் இதை மறைக்காமல் எழுதினார். படம் முடிந்தபோது ஊழியர்களில் மூன்றில் ஒருவருக்குக் கையில் ஏதோவொரு பாதிப்பு இருந்ததாம். ஒரு ஜூன் காலையில், தூக்கம் கெட்டிருந்த ஓவியர் ஒருவர், காப்பகத்தில் விட வேண்டிய கைக்குழந்தையைக் காரின் பின் இருக்கையிலேயே மறந்துவிட்டு வேலைக்குள் போய்விட்டார். அங்கேயே வேலை பார்த்த மனைவி தற்செயலாகக் கேட்டதால் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். குழந்தை மயங்கிக் கிடந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டது.

படம் பிரமாதமாக வந்ததே என்பார்கள். வந்ததுதான். அதையே இந்த வேலைமுறைக்கு நியாயமாகக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

கூலி விஷயமும் இருக்கிறது. ஒரு ஸ்டுடியோ ஆளை இன்னொன்று இழுப்பதில்லை என்று தங்களுக்குள் பேசிவைத்துச் சம்பளத்தை அமுக்கிவிட்டார்கள் என்று அனிமேஷன் கலைஞர்கள் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். கேட்மல்லின் மின்னஞ்சல்களும் அதில் இடம்பெற்றன. கடைசியில் பிக்சார், லூகாஸ்ஃபிலிம் உள்ளிட்ட டிஸ்னி தரப்பு 10 கோடி டாலரும், ட்ரீம்வொர்க்ஸ் 5 கோடி டாலரும் தந்து சமரசம் செய்துகொண்டன.

இந்தப் படத்தின் கார் துரத்தல் காட்சியை மகள் திரும்பத் திரும்பப் போடுவாள். நான் கடைசிப் பெயர்ப் பட்டியல் முடியும்வரை உட்கார்ந்திருப்பேன். படம் தயாரான காலத்தில் ஊழியர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்களைத் தனியாகப் போடுவது பிக்சாரின் வழக்கம். முன்பெல்லாம் அதைப் படிக்க இதமாக இருக்கும். இப்போது அந்தப் பெயர்கள் ஓடும்போது, ஜூன் வெயிலில் நின்ற அந்தக் கார்தான் கண்முன் வருகிறது.