நெலுவும் குறிஞ்சியும்

முப்பதாண்டுகளாகக் குறிஞ்சித் திணையைக் கற்பித்து வருகின்றேன். அட்டனில் என் வகுப்பறைச் சாளரத்தைத் திறந்தால் மலை, மலைக்குப் பின் மலை; எல்லாம் தேயிலை. ஒருநாள் தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, நாங்கள் மலையிலேதானே பிறந்தோம்? அந்தப் பூவை ஒருநாளும் கண்டதில்லையே!” என்றாள். எனக்கு விடை வரவில்லை. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களையும் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பேன். கண்ணாற் கண்டவை இருபது தேறா. பண்டிதர் பலரின் நிலையும் இதுதான்.

நூல்களைத் துருவியும் காட்டில் நடந்தும் அறிந்ததைச் சொல்கின்றேன். நீலக்குறிஞ்சி தென்னிந்திய மலைகளுக்கே உரியது. நீலகிரியிலும் பழனிமலையிலும் ஆனைமலையிலும் புல்வெளிச் சரிவுகளில் வளரும் குறுஞ்செடி. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூத்து, விதை சிந்திப் பட்டுப்போகும். 2006இல் பூத்தது, பின்னர் 2018இற் பூத்தது. கொடைக்கானலில் அப்பூவின் பெயரால் அமைந்த குறிஞ்சியாண்டவர் கோயிலை 1936இல் எழுப்பியவர் நம் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் என்பதை நம்மவருட் சிலரே அறிவர்.

அச்செடி ஈழத்தில் இல்லை. ஆயின் அதன் இனத்துச் செடிகள் நம் மலைகளிற் பல உள. அவற்றுட் சில உலகில் வேறெங்கும் இல்லாதவை. சிங்கள மக்கள் அவற்றை ‘நெலு’ என்பர். 2013இல் ஹோர்ட்டன் சமவெளியில் நெலு பூத்தது என்று கேட்டு, பட்டிப்பொல வழியாக ஏறினேன். புல்வெளியிற் பார்த்து ஏமாந்தேன். நெலு வாழ்வது குளிர்காட்டு மரநிழலில், ஆளுயரத்தில். உள்ளே புகுந்ததும் ஊதாவும் வெண்மையுமாகக் காடே பூத்திருந்தது. எங்கும் தேனீக்களின் இரைச்சல். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டுக் குறிஞ்சிப்பூவையும் தேனையும் சேர்த்துச் சொல்வதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. நெலுவையே குறிஞ்சியென்று கூறும் அன்பர்கள் உளர். அது கூடாது. தங்கையைத் தமக்கையென்பது முறையன்று.

நெலுவைப் பற்றித் தேடுகையில், குடியேற்றச் செயலாளராய் இருந்த எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூல் கைக்கு வந்தது. அதிற் காப்பி எலி என்றோர் உயிரைப் பற்றி எழுதுகின்றார். அது காட்டு மரவேர்களிடையே கூடுகட்டி, நெலு விதையைத் தின்று வாழும். இரை அற்ற காலத்திற் கூட்டங்கூட்டமாகக் காப்பித் தோட்டங்களுட் புகும். பூவை எட்டுதற்குத் தன் பாரம் தாங்காத சிறு கிளைகளைக் கத்தியால் வெட்டினாற்போற் கறித்து வீழ்த்தும். ஒரு தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொன்றனராம். தொடர்ந்து கூறுகின்றார்: தென்னிந்தியக் கூலிகளுக்கு அவ்விறைச்சியில் விருப்பம் மிகுதி, தேங்காயெண்ணெயிற் பொரித்தும் கறியாக்கியும் உண்பர், எலி மிகும் தோட்டங்களையே நாடுவர்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எலியுண்டதற்காக அன்று, வயலெலி தமிழகத்து உழவர்க்குப் புதிதா என்ன? ‘விருப்பம்’ என்ற சொல்லே என்னைச் சுட்டது. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து, வழியிற் பலரைப் பறிகொடுத்து வந்தவர்களுக்குக் கறியாக்க வேறென்ன கிடைத்தது? அதனை அவர் எழுதவில்லை. 1869இல் தோன்றிய இலைநோயாற் காப்பி அழிந்தது; தேயிலை வந்தது; எலியின் பேச்சும் ஒழிந்தது.

இதனை வகுப்பிற் சொல்லலாமா என்று இரு கிழமை தயங்கினேன். பாடத்திட்டத்தில் இல்லை, பிள்ளைகள் நாணுவரோ என்ற அச்சமும் இருந்தது. முடிவிற் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்பு வினவிய அதே பிள்ளைதான் மெல்ல எழுந்தாள்.

“அவர்களாவது அந்தப் பூவைக் கண்டிருப்பார்களா, ஐயா?”

“கண்டிருப்பார்கள், அம்மா. நெலு நின்ற காட்டை அழித்துக் காப்பி நட்ட கைகளுள் அவர்கள் கைகளும் உண்டு” என்றேன்.