குளியலறைக்குள் எரியும் அடுப்பு

ஓசூரில் வீடு கட்டியவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்துவதில்லை. சிப்காட் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடலாமே என்று மொட்டை மாடியில் ஓர் அறை எழுப்பி, மேலே ஷீட் போட்டு, மூலையில் நாலுக்கு ஆறடியில் ஒரு குளியலறையும் ஒதுக்கிவிடுகிறார்கள். மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடிப் பக்கம் போனால் இதைத் தெருத்தெருவாகப் பார்க்கலாம். ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர். மார்கழியில் காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிறவருக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது. கரண்ட் ஹீட்டர் என்றால் தனி லைன் இழுக்க வேண்டும். செலவைப் பார்த்துக் கேஸ் கீசர் வாங்கி, வீட்டுக்காரரே ட்ரில் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறார். அங்கேதான் எனக்குப் பயம்.

கேஸ் கீசர் சுவரில் தொங்கும் ஓர் அடுப்பு. சமையலறையின் பெரிய பர்னரைவிட நான்கைந்து மடங்கு வேகமாக எரிவாயுவைக் குடிக்கும். ஒரு கிலோ எல்பிஜி முழுதாக எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று தேவை. நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் பத்து நிமிடத்தில் 150 கிராம் போல எரிக்கும். அதற்கே கிட்டத்தட்ட 2 கன மீட்டர் காற்று போய்விடும். எட்டடி உயரம் என்று வைத்துக்கொண்டாலும் அந்தக் குளியலறையில் இருப்பது ஐந்தரை கன மீட்டர்தான். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திவிட்டால், ஆக்சிஜன் குறையக் குறையத் தீ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கும். ஒருவர் குளித்த கையோடு அடுத்தவர் உள்ளே போனால் ஆபத்து இன்னும் அதிகம்.

சிலிண்டர் கசிந்தால் மூக்குக்குத் தெரியும். அதற்காகவே வாடை சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனை ஏந்திச் செல்லும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். பக்கத்துப் பெங்களூரில் இப்படிக் குளியலறையிலேயே உயிர் போன செய்திகள் எத்தனையோ முறை வந்துவிட்டன.

இத்தனைக்கும் புகையை வெளியேற்றத் தெரியாத ஊரா இது? பெயின்ட் அடிக்கிற இடம், வெல்டிங் கூடம் என்று தொழிற்சாலைகளில் டக்ட் வேலை பார்த்த கைகள் இங்கே ஏராளம். தகரம் வளைத்துத் தரும் பட்டறைகளுக்கும் குறைவில்லை. அந்தத் திறமை சொந்த வீட்டு மாடிக்கும் ஏற வேண்டும்.

முதல் வழி, கீசரைக் குளியலறைக்குள் கொண்டுபோகாமலே இருப்பது. வெளிச்சுவரில், காற்று தாராளமாக ஓடும் இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் சிபிவிசி குழாயில் உள்ளே இழுக்கலாம். குளிர்ந்த நீருக்குப் போடும் சாதாரண வெள்ளை பிவிசி குழாய் அந்தச் சூட்டுக்கு ஆகாது. சிறிய மாடல்கள் பலவற்றில் புகைக்குழாய் மாட்டும் வாயே இருக்காது. அவற்றை உள்ளே மாட்டும் பேச்சே வேண்டாம்.

புகைக்குழாய் உள்ள மாடல் என்றால் அந்தக் குழாய் ஜிஐ தகரத்திலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ இருக்கட்டும், பிவிசி கூடவே கூடாது. கீழ்த்துண்டின் முனை மேல்துண்டுக்குள் நுழைகிற மாதிரி இணைக்க வேண்டும். அப்போதுதான் மேலே போகிற புகை மூட்டு வழியே கசியாது. வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. படுக்கையாகப் போகிற பகுதியும் வெளிப்பக்கம் நோக்கி ஏறியே போக வேண்டும். மூட்டுகளுக்கு அலுமினியம் டேப். கரண்ட் வேலைக்கு ஒட்டும் டேப் சூட்டில் இளகிவிடும். முனை பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது. இவ்வளவையும் கைவேலை தெரிந்தவர் தானே செய்துவிடலாம். கேஸ் இணைப்பை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்.

பலரும் மறப்பது காற்று உள்ளே வரும் வழி. கதவின் அடியில் ஜாலி வைக்காமல் எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓடவிட்டால், அது புகைக்குழாய் வழியாகவே காற்றை இழுக்கும். வெளியே போக வேண்டிய புகை உள்ளே திரும்பும். கேஸ் வாடை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கதவைச் சாத்தி, ஃபேனையும் கீசரையும் ஓடவிட்டு, புகைக்குழாய் தொடங்கும் இடத்தருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். புகை மேலே இழுபட வேண்டும். முகத்துப் பக்கம் திரும்பினால் உடனே அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

குளிக்கும்போது தலைவலி, குமட்டல், கால் துவளுதல் என்றால் களைப்பு என்று நினைக்காதீர்கள். உள்ளே போனவர் கூப்பிட்டும் குரல் தராவிட்டால் கதவை உடைத்து, கீசரை அணைத்து, திறந்த வெளிக்குத் தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனிலிருந்து பிரித்தறியாமல் 98 என்றுகூடக் காட்டும். அதனால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக, உள்ளே கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது என்று சொல்லுங்கள்.