ஒரு மேசை, நான்கு பிள்ளைகள், யாருடைய கை?

பாடசாலைக்குக் கணனி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் நாம் மகிழ்ச்சி அடைகிறோம். அந்தக் கணனியை எந்தப் பிள்ளை தொடுகிறது என்று கேட்பது குறைவு. ஒரு கணனியைச் சுற்றி ஐந்தாறு பிள்ளைகள் நிற்கும்போது மவுஸ் ஒருவரின் கையில்தான் இருக்கும். அநேகமாக அது துணிச்சலான பிள்ளையின் கை. கூச்சமுள்ள பிள்ளையும் பாடசாலைக்குப் புதிதாக வந்த பிள்ளையும் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

இந்தக் குறையைப் போக்க எடுக்கப்பட்ட முயற்சிகளில் ஒன்று தொடுதிரை மேசை. பார்வைக்குச் சாதாரண மேசை போன்றது. அதன் மேற்பரப்புத்தான் திரை. பல கைகள் ஒரே நேரத்தில் தொட்டாலும் அது உணர்ந்துகொள்ளும். ஆகவே நான்கு பிள்ளைகள் சுற்றியிருந்து, ஒருவருக்காக மற்றவர் காத்திராமல் எழுதலாம், நகர்த்தலாம், திருத்தலாம்.

இங்கிலாந்தின் டேர்ஹம் பல்கலைக்கழகத்தில் இத்தகைய மேசைகளைக் கொண்டு வகுப்பறை ஒன்றை அமைத்து ஆராய்ந்தார்கள். மேசைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. ஒரு குழு செய்ததை ஆசிரியர் எல்லோருக்கும் பெரிய திரையில் காட்ட முடிந்தது. 400இற்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்குபற்றினர்; பெரும்பாலானோர் 8 முதல் 10 வயதினர். அவர்களுக்குக் கொடுத்த கணிதப் பயிற்சி ஒன்று எளிமையானது. ஓர் எண்ணைக் கொடுத்து, அதை எத்தனை வழிகளில் உருவாக்கலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, மேசையில் வேலை செய்தவர்களில் 45 சதவீதமானோர் முன்னரைவிடக் கூடுதலான புதிய வழிகளைக் கண்டார்கள். தாளில் செய்தவர்களில் 16 சதவீதமானோரே அவ்வாறு முன்னேறினர்.

ஆனால் பல கைகள் தொடக்கூடியதாக இருந்தால் மட்டும் போதுமா? இந்தியாவில் கிடைத்த அனுபவம் இதற்கு விடை தருகிறது. பெங்களூரிலுள்ள மைக்ரோசொப்ட் ஆய்வு நிலையத்தினர் ஒரே கணனியில் பல மவுஸ்களைப் பொருத்தி, கிராமப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களைக் கற்பித்துப் பார்த்தார்கள். 2007இல் அதன் முடிவு வெளியானது. யார் முந்துவது என்ற போட்டியாக வைத்தபோது, ஆண் பிள்ளைகள் மட்டும் இருந்த குழுக்கள் அவசரமாக அழுத்தினவே தவிர, கற்றது குறைவு. எல்லோரும் ஒரே விடையைத் தெரிவு செய்தால்தான் அடுத்த கேள்வி வரும் என்று வைத்தபோது, தனித்தனிக் கணனியில் படித்த பிள்ளைகளுக்கு ஈடாகக் கற்றார்கள். கருவி அதேதான். மாறியது விதிமுறை.

தொடுதிரை மேசையின் விலை நமக்கு எட்டாதது. மைக்ரோசொப்ட் 2007இல் அறிமுகம் செய்த மேசை ஒன்றின் விலையே ஏறத்தாழ 10,000 டொலர். ஆனாலும் அதன் பயனில் ஒரு பங்கையாவது நாம் செலவின்றிப் பெறலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பாடசாலைகளில் செயல்வழிக் கற்றல் முறையைக் கொண்டுவந்தபோது, சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத ஓர் இடம் கிடைத்தது. அதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை.

நமது திருகோணமலை மாவட்டத்தில் 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த பிள்ளைகள் முகாம்களில் இருந்து படித்தவர்கள். பகிர்ந்து படிப்பது நமக்குப் புதிதல்ல. எல்லோருக்கும் சம பங்கு கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் நாம் பழக வேண்டியது.

வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு டிமைத் தாளை நிலத்தில் விரியுங்கள். நான்கு பிள்ளைகளுக்கு நான்கு நிறப் பேனைகள் கொடுங்கள். 24 என்ற எண்ணை நடுவில் எழுதி, அதை உருவாக்கும் வழிகளைக் கேளுங்கள். 20உடன் 4ஐக் கூட்டலாம், 6ஐ 4ஆல் பெருக்கலாம், 30இலிருந்து 6ஐக் கழிக்கலாம். ஒருவர் எழுதியதை மற்ற மூவரும் சரிபார்த்த பின்பே அடுத்ததை எழுத வேண்டும். முடிவில் தாளைப் பாருங்கள். எந்த நிறம் குறைந்திருக்கிறதோ, அந்தப் பிள்ளைக்கு அடுத்த முறை முதலிடம் கொடுங்கள்.

"எட்டாம் வகுப்போட நிண்டனான், கணனியப் பற்றி நான் என்னத்தக் கேக்கிறது?" என்று பாலையூற்றுப் பக்கத்துத் தாய்மார் சிலர் தயங்குவதுண்டு. சகோதரிகளே, யாருடைய கை மவுஸில் இருக்கிறது என்று பார்க்கக் கணனி படித்திருக்கத் தேவையில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கணனியோ பெரிய திரையோ வாங்குவது பற்றிப் பேசப்படும்போது எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஒரு பாடவேளையில் எத்தனை பிள்ளைகள் அதைத் தொடுவார்கள்? பெண் பிள்ளைகளுக்கு முறை வருமா? ஆசிரியருக்கு அதற்கான பயிற்சி உண்டா?

கடைசி வாங்கில் இருக்கும் மகளுக்காக இந்தக் கேள்விகளைக் கேட்கும் முழு உரிமையும் உங்களுக்கு இருக்கிறது.