கொல்லை முருங்கைக்கு யார் மருந்து அடிப்பது?

இரவு சாப்பாடு முடிந்ததும் முருங்கைக் கொத்தைப் பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுற்றி அடுக்களை மூலையில் வைத்துவிட்டால், காலையில் உதறும்போது இலைகள் தானாக உதிரும். ஒட்டியிருக்கும் காம்பைப் பொறுக்குவதுதான் மிச்ச வேலை. பக்கத்து வீட்டுக் கொல்லையில் கேட்டால் சும்மாவே ஒடித்துக் கொடுப்பார்கள். அந்த மரத்துக்கு யாரும் உரம் வைத்ததில்லை, மருந்தும் அடித்ததில்லை. அதே இலையைப் பொடியாக்கி, ‘ஆர்கானிக்’ என்று பெயர் ஒட்டிக் கண்ணாடி பாட்டிலில் அடைத்தால் விலையே வேறு.

இயற்கை உணவு வசதியானவர்களின் சமாச்சாரம் என்ற எண்ணம் அந்த பாட்டிலைப் பார்த்து வந்ததுதான். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ரசாயனத்தை நிறுத்திய நிலத்தில் முதல் சில வருடம் விளைச்சல் குறையலாம். களையெடுக்க ஆள்கூலி, சான்றிதழ் வாங்கச் செலவு என்று எல்லாம் விலையில் ஏறும். மாதச் சாமான் முழுவதையும் இயற்கை அங்காடியிலேயே வாங்கினால் நடுத்தரக் குடும்பமே திணறிப்போகும். ஆனால், முழுவதையும் அங்கே வாங்கச் சொன்னது யார்?

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. இவை இயற்கை விளைபொருள்கள் அல்ல. ஆனாலும் வயிறு நிறைய இவை இருந்தால், கையில் மிஞ்சும் காசை எங்கே போடுவது என்று யோசிக்க இடம் கிடைக்கிறது. திரும்பத் திரும்ப மருந்து அடித்து வளர்க்கும் கத்தரி, வெண்டை, திராட்சை போன்றவற்றுக்கு அதைச் செலவழிக்கலாம். காலிஃபிளவரை இயற்கை அங்காடியில் தேடி அலைவதைவிட, அந்த வாரம் அதைச் சமைக்காமல் விடுவது இன்னும் மலிவு! சுண்டைக்காய், பிரண்டை, மணத்தக்காளி, முடக்கத்தான் எல்லாம் வேலியோரத்தில் தானாக முளைத்துக் கிடப்பவை.

தானியத்திலும் இதே கதைதான். கேழ்வரகும் கொள்ளும் பெரும்பாலும் மானாவாரிப் பயிர்கள். இவற்றுக்குக் காசு போட்டு மருந்து அடிப்பவர்கள் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம்கூடத் தேறாது. கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். கொங்குப் பக்கத்து வீடுகளில் வேகவைத்த தண்ணீர் ரசமாகும், வெந்த கொள்ளு பருப்பாகக் கடையப்படும். ஒரே கொதியில் இரண்டு பதார்த்தம். ஒன்று மட்டும்: சைவச் சாப்பாட்டில் பி12 சத்து பால், தயிர், மோரிலிருந்துதான் வருகிறது. சிக்கனம் என்று அதில் கை வைக்க வேண்டாம்.

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று மாநிலம் முழுக்க இருக்கிறது. அங்கே விற்பதெல்லாம் இயற்கைக் காய் என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால், விளைவித்தவரே தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். “அண்ணே, இதுக்குக் கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க?” என்று அவரிடம் கேட்கலாம். மருந்து அடித்தபின் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் கெடு உண்டு என்பதால், இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் அலசினால் மேலே ஒட்டியது ஓரளவு போகும். உள்ளே இறங்கியது போகாது. கடையில் பாக்கெட்டாக வாங்கும்போது இயற்கை விளைபொருளுக்கான ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைத் தேடலாம். தன் விளைச்சலை நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்கு அந்த முத்திரை கட்டாயம் இல்லை.

இந்தக் கணக்கில் வராத செலவு ஒன்று உண்டு: நேரம். வாழைப்பூவில் ஒவ்வொரு மடலாகப் பிரித்து, பூவுக்குப் பூ கள்ளன் எடுத்து, மோர்த் தண்ணீரில் போட்டு முடிப்பதற்குள் விரலெல்லாம் கறுத்துவிடும். வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணின் தலையில் இதையும் கட்டுவது நியாயமே இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் மற்ற கைகளும் சும்மாதானே இருக்கின்றன?

கொல்லை இல்லாதவர்களுக்கு ஜன்னலோரம் போதும். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி வெந்தயத்தை இரவு ஊறப்போட்டு, அடியில் ஓட்டை போட்ட பழைய டப்பா மண்ணில் தூவுங்கள். தினம் ஒரு கை தண்ணீர் தெளித்தால், மூன்று நான்கு வாரத்தில் ஒரு வேளைக் கூட்டுக்குக் கீரை தயார்.