'என் லேப்டாப்ல ஓடுதே!': கஸ்டமர் கம்ப்யூட்டரில் மட்டும் சாஃப்ட்வேர் ஏன் மக்கர் பண்ணுது?

ஒரு சின்ன பில்லிங் சாஃப்ட்வேர். இரண்டு மாதம் ராத்திரி பகலா உட்கார்ந்து எழுதியாச்சு. உங்கள் லேப்டாப்பில் சும்மா பறக்கிறது. திருநெல்வேலியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் தெரிந்தவருக்கு அதை அனுப்பிவைக்கிறீர்கள். பத்தே நிமிடத்தில் போன்.

"தம்பி, டபுள் கிளிக் பண்ணா ஏதோ டிஎல்எல் காணோம்னு வருதே?"

"அண்ணாச்சி, என் லேப்டாப்ல நல்லா ஓடுதே..."

"உன் லேப்டாப்ல ஓடி எனக்கு என்னப்பா பிரயோஜனம்?"

கற்பனை உரையாடல்தான். ஆனால், டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவர்கள் யாரும் இப்படி ஒரு போன் காலைத் தாண்டாமல் வந்திருக்க மாட்டார்கள்.

காரணம் ரொம்ப சிம்பிள். வெப் ஆப் உங்கள் சர்வரில் ஓடும். டெஸ்க்டாப் ஆப் அடுத்தவர் வீட்டுக்குப் போய் குடித்தனம் நடத்த வேண்டும். அந்த வீட்டில் என்ன இருக்கு, என்ன இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது.

இதில் வரும் பிரச்சினைகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, எரர் காட்டி சத்தம் போடும் பிரச்சினை. இன்னொன்று, சத்தமே போடாமல் தப்பு பண்ணும் பிரச்சினை. முதல் வகை எரிச்சல். இரண்டாவது வகைதான் ஆபத்து. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. 'டிஎல்எல் காணோம்'

டிஎல்எல் என்பது பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோடு அடங்கிய ஃபைல். சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய ஆப்களுக்கு 'விசிரன்டைம்140' என்ற ஃபைல் அடிக்கடி தேவைப்படும். நீங்கள் விஷுவல் ஸ்டுடியோ இன்ஸ்டால் செய்தபோதே அது உங்கள் லேப்டாப்பில் வந்து உட்கார்ந்துவிட்டது. அண்ணாச்சி கடையில் விஷுவல் ஸ்டுடியோ எதற்கு இருக்கப் போகிறது?

தீர்வு: மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' பேக்கேஜை உங்கள் இன்ஸ்டாலருக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். விஷுவல் ஸ்டுடியோ 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகளில் உருவான ஆப்களுக்கு ஒரே பேக்கேஜ் போதும்.

கவனிக்க வேண்டியது, ஆப் 32 பிட்டா 64 பிட்டா என்பது. ஆப் 32 பிட் என்றால், விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் 32 பிட் பேக்கேஜ்தான் வேண்டும். இரண்டும் கலந்துபோனால் '7பி' என்று முடியும் எரர் கோடு வரும். அதைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கலப்பைத்தான்.

கூகுளில் தேடி, ஏதோ ஒரு சைட்டிலிருந்து அந்த டிஎல்எல்லை மட்டும் டவுன்லோடு செய்து போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த ஃபைலோடு வேறு என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

டாட்நெட் ஆப்களிலும் இதே கதைதான். டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4 வரிசை விண்டோஸ் 10, 11 உடன் சேர்ந்தே வரும். ஆனால், டாட்நெட் 5 தொடங்கி வந்த புதிய பதிப்புகளைத் தனியாகத்தான் இன்ஸ்டால் செய்ய வேண்டும். அது வேண்டாம் என்றால் 'செல்ஃப் கன்டெய்ன்டு' முறையில் பப்ளிஷ் செய்யலாம். தேவையான ரன்டைமையும் ஆப் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும். ஃபைல் சைஸ் கூடும். போன் கால் குறையும்.

2. நீல நிறத்தில் ஒரு எச்சரிக்கை

சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்து திறந்ததும், 'விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது' என்கிற அர்த்தத்தில் ஒரு நீலப் பெட்டி வருகிறதா? அது ஸ்மார்ட்ஸ்கிரீன். உங்கள் ஆப்பில் வைரஸ் இருக்கு என்று அது சொல்லவில்லை. 'இவர் யாருன்னு எனக்குத் தெரியாது' என்றுதான் சொல்கிறது.

இதற்கு முறையான வழி, கோடு சைனிங் சான்றிதழ் வாங்கி ஆப்பில் கையெழுத்திடுவது. அதற்குப் பணம் செலவாகும். கையெழுத்திட்ட உடனேயே எச்சரிக்கை மறைந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. பலர் பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் நற்பெயர் சேரும். மேக் கணினிக்கு வெளியிடுகிறீர்கள் என்றால் இன்னும் கறார். 2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா முதல், ஆப் ஸ்டோருக்கு வெளியே கொடுக்கும் ஆப்களையும் ஆப்பிளிடம் அனுப்பி 'நோட்டரைஸ்' செய்தாக வேண்டும்.

பைத்தானில் எழுதி, பைஇன்ஸ்டாலரில் ஒரே ஃபைலாகக் கட்டி அனுப்புபவர்களுக்குக் கூடுதல் தலைவலி உண்டு. சில ஆன்டிவைரஸ்கள் அந்த ஃபைலைத் தப்பாக வைரஸ் என்று பிடித்துவிடும். ஒரே ஃபைலுக்குப் பதில் ஃபோல்டராகக் கட்டி, அதை முறையான இன்ஸ்டாலரில் வைத்துக் கொடுத்தால் தொல்லை பெரும்பாலும் குறையும்.

"ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க" என்று மட்டும் கஸ்டமரிடம் சொல்லாதீர்கள். இன்று உங்களுக்காக ஆஃப் செய்தவர், நாளைக்கு வேறு யாரோ சொன்னாலும் ஆஃப் செய்வார்.

3. 'சேவ் பண்ணேன்... காணோமே?'

கடை பெயர், ஜிஎஸ்டி எண் எல்லாம் செட்டிங்ஸில் போட்டு சேவ் செய்கிறார். 'அனுமதி இல்லை' என்று எரர் வருகிறது. சில நேரம் எரரும் வராது. அவர் லாகினில் தெரியும் விவரம், அதே கம்ப்யூட்டரில் அவர் மகன் லாகினில் தெரியாது.

ஏன் இப்படி? உங்கள் ஆப் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் எழுதப் பார்க்கிறது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. பழைய பாணியில் எழுதிய 32 பிட் ஆப் என்றால், விண்டோஸ் சத்தமில்லாமல் அந்த ஃபைலை 'வர்ச்சுவல் ஸ்டோர்' என்ற வேறு இடத்தில், ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனியாக எழுதிவைக்கும். அப்பா ஒரு காப்பி, மகன் ஒரு காப்பி.

ஒவ்வொருவரின் சொந்த செட்டிங்ஸ் 'ஆப்டேட்டா' ஃபோல்டரில் இருக்கட்டும். எல்லோருக்கும் பொதுவான டேட்டா 'புரோகிராம்டேட்டா' ஃபோல்டரில் இருக்கட்டும். அங்கேயும் எல்லா யூசரும் எழுதுவதற்கான அனுமதியை இன்ஸ்டால் செய்யும்போதே கொடுத்துவிட வேண்டும். "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் போட்டு ஓட்டுங்க" என்பது தற்காலிக ஒட்டு வேலை மட்டுமே.

4. தமிழ் எங்கே போச்சு?

கஸ்டமர் பெயரைத் தமிழில் டைப் செய்தால் வேறு ஏதோ தெரிகிறது. பதறுவதற்கு முன், என்ன தெரிகிறது என்று உற்றுப் பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

- கட்டம் கட்டமாகத் தெரிந்தால்: டேட்டா பத்திரம். அந்த ஃபான்ட்டில் தமிழ் இல்லை. ஃபான்ட்டை மாற்றினால் போதும்.
- மேலே கோடும் புள்ளியும் வைத்த ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால்: டேட்டா பெரும்பாலும் பத்திரம். யுடிஎஃப்-8 முறையில் எழுதியதை வேறு முறையில் படிக்கிறீர்கள். எக்ஸெலில் சிஎஸ்வி ஃபைல் திறக்கும்போது இது அடிக்கடி நடக்கும். 'பிஓஎம்' சேர்த்த யுடிஎஃப்-8 ஆக சேவ் செய்தால் சரியாகிவிடும்.
- கேள்விக்குறிகளாகத் தெரிந்தால்: உடனே நிறுத்துங்கள். டேட்டாபேஸிலும் அப்படியே இருந்தால் எழுத்துகள் போயே போச்சு. திரும்ப வராது.

மூன்றாவது ஏன் நடக்கிறது? விண்டோஸின் பழைய 'ஆன்சி' முறையில் தமிழுக்கு என்று ஒரு கோடு பேஜே கிடையாது. தமிழ் யூனிகோடில் மட்டும்தான் உயிர் வாழும். எஸ்க்யூஎல் சர்வரில் வழக்கமான 'வார்கேர்' காலத்தில் தமிழைப் போட்டால் கேள்விக்குறிதான் மிஞ்சும். 'என்வார்கேர்' காலம் வேண்டும். குவெரிக்குள் தமிழை நேரடியாக எழுதினால், அதற்கு முன்னால் 'என்' என்ற எழுத்தும் வேண்டும். பாராமீட்டராக அனுப்புவது இன்னும் நல்லது.

இங்கேதான் கவனம் தேவை. ஆப் எந்த எரரும் காட்டவில்லை. 'சேவ் ஆகிவிட்டது' என்றே சொன்னது. சத்தம் போடாத பிரச்சினை என்றது இதைத்தான்.

5. 13-ஆம் தேதி மர்மம்

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஏப்ரல் 1-ஆம் தேதி கடையில் சாஃப்ட்வேர் ஓட ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12-ஆம் தேதி வரை எந்தப் புகாரும் இல்லை. 13-ஆம் தேதி காலை முதல் பில்லிலேயே ஆப் கிராஷ். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு!"

நேற்று வரை நன்றாக ஓடவில்லை என்பதுதான் உண்மை.

உங்கள் லேப்டாப்பில் ரீஜன் செட்டிங் இந்தியா. நாள் முதலில், மாதம் அடுத்து. கடை கம்ப்யூட்டரில் ரீஜன் அமெரிக்கா. அங்கே மாதம் முதலில். உங்கள் கோடு தேதியை வெறும் எழுத்தாக எடுத்து, அந்தந்த கம்ப்யூட்டரின் வழக்கப்படி புரிந்துகொள்கிறது. எனவே 05/04/2025 என்பது ஏப்ரல் 5 ஆக இல்லாமல், மே 4 ஆகப் பதிவாகிறது. 13/04 வரும்போதுதான் 'பதிமூன்றாவது மாதம் ஏது?' என்று ஆப் திணறி விழுகிறது.

13-ஆம் தேதி வந்த கிராஷ் உண்மையில் ஒரு உதவி. அதற்கு முந்தைய நாள்களில்தான் சேதம். 03/04/2025 தேதியிட்ட பில்லைப் பாருங்கள். ஏப்ரல் 3, மார்ச் 4 ஆக மாறிவிட்டது. மாதம் மட்டுமல்ல, நிதியாண்டே மாறிப்போச்சு. ஜிஎஸ்டி கணக்கில் அந்த விற்பனை தப்பான ஆண்டில் போய் உட்காரும். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, கடைக்காரர்.

தீர்வு: டேட்டாபேஸில் தேதிக்கு என்றே உள்ள டேட்டா டைப்பைப் பயன்படுத்துங்கள். எழுத்தாக வைத்தே ஆக வேண்டும் என்றால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-05 என்று வையுங்கள். இந்த வரிசையில் குழப்பத்துக்கு இடமில்லை. படிக்கும்போதும் எந்த வடிவம் என்பதைக் கோடிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன டேட்டாவுக்கு? பில் எண்கள் கைகொடுக்கும். எண் வரிசையாக ஏறும்போது தேதி முன்னும் பின்னும் குதித்தால் அங்கே தப்பு இருக்கு. இன்றைய தேதியைத் தாண்டிய பில் இருந்தால் அதுவும் சாட்சி. திருத்தும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். கடைக்காரரிடமும், அவருடைய ஆடிட்டரிடமும் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

6. எங்கே தேடுவது?

'ஓடல' என்ற ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு யூகிக்க வேண்டாம். விண்டோஸே தடயம் விட்டுவைக்கிறது.

ஈவன்ட் வியூவர்: 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதற்குக் கீழே 'அப்ளிகேஷன்' பகுதியைத் திறந்தால், எந்த ஆப் எந்த நேரத்தில், எந்த ஃபைலில் கிராஷ் ஆனது என்ற குறிப்பு இருக்கும்.

பிராசஸ் மானிட்டர்: மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள இலவச டூல். ஆப் எந்த ஃபைலைத் தேடியது, எதற்கு அனுமதி கிடைக்கவில்லை என்பதை வரி வரியாகக் காட்டும். 'காணவில்லை' என்ற வரி சாதாரணமாகவே நிறைய வரும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஆப் மூடுவதற்குச் சற்று முன் வந்த வரிகளைப் பாருங்கள்.

உங்கள் சொந்த லாக் ஃபைல்: ஆப் பதிப்பு எண், விண்டோஸ் பதிப்பு, ரீஜன் செட்டிங், எரர் விவரம் ஆகியவற்றை ஆப்பே ஒரு ஃபைலில் எழுதிவைக்கட்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போதும். கஸ்டமரின் சொந்த விவரங்களும் பாஸ்வேர்டும் அதில் போகக் கூடாது.

7. அனுப்பும் முன் ஒரு 'வெறும் வீடு' டெஸ்ட்

மேலே சொன்ன பெரும்பாலான பிரச்சினைகளை கஸ்டமருக்கு முன்னால் நீங்களே பிடித்துவிட முடியும். விண்டோஸ் புரோ, என்டர்பிரைஸ் பதிப்புகளில் 'விண்டோஸ் சேண்ட்பாக்ஸ்' என்ற வசதி இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் எதுவும் இன்ஸ்டால் ஆகாத புத்தம் புது விண்டோஸ் கிடைக்கும். மூடினால் எல்லாம் அழிந்துவிடும். உங்களுடையது ஹோம் பதிப்பு என்றால் வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற வர்ச்சுவல் மெஷினில் இதையே செய்யலாம்.

அங்கே இந்த ஐந்தையும் பாருங்கள்:

- இன்ஸ்டாலர் மட்டும் வைத்து ஆப் திறக்கிறதா?
- அட்மின் அல்லாத யூசராக லாகின் செய்து சேவ் செய்ய முடிகிறதா?
- யூசர் பெயரும் ஃபோல்டர் பெயரும் தமிழில் இருந்தாலும் ஓடுகிறதா?
- ரீஜனை அமெரிக்காவுக்கு மாற்றி, 12-க்கும் 13-க்கும் பில் போட்டால் தேதி சரியாக வருகிறதா?
- பழைய பதிப்பின் மேல் புதியதை இன்ஸ்டால் செய்தால் பழைய டேட்டா பத்திரமாக இருக்கிறதா?

8. அப்டேட்டை ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பாதீர்கள்

2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்தியாவிலும் சில விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் தரப்பட்டது. இனி இத்தகைய அப்டேட்களைப் படிப்படியாக வெளியிடுவோம் என்று அந்த நிறுவனம் பின்னர் அறிவித்தது.

உங்களுக்கு இருபது கஸ்டமர்தான் என்றாலும் பாடம் அதேதான். முதலில் இரண்டு பேருக்கு அனுப்புங்கள். இரண்டு நாள் பாருங்கள். பிறகு மற்றவர்களுக்கு அனுப்பலாம். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியையும் கையில் வைத்திருங்கள்.

அடுத்த முறை அண்ணாச்சி போன் செய்து எரர் வருது என்று சொன்னால் எரிச்சல்படாதீர்கள். எரர் கண்ணுக்குத் தெரிந்தால் சரிசெய்துவிடலாம். எந்த போனும் வராத கடையில், இன்றைய பில்லில் என்ன தேதி விழுந்திருக்கிறது என்று ஒருமுறை நீங்களே கேட்டுப் பாருங்கள்.