சாணை இயந்திரத்தின் கல்லை மாற்றும் முறை

பண்ணைப் பட்டறைகளில் மின்சார மோட்டாரால் ஓடும் சாணை இயந்திரம் இக்காலத்தில் சாதாரணமாய்க் காணப்படுகிறது. அரிவாள், கோடாலி, மண்வெட்டி, தீவனம் நறுக்கும் கத்தி முதலியவற்றைக் கூராக்க இது மிகவும் உபயோகமானது. ஆனால் இயந்திரத்துடன் வந்த கல்லையே, அது பாதியாய்த் தேய்ந்த பின்னரும், எல்லா வேலைக்கும் உபயோகித்து வருவோர் உண்டு. வேறு சிலர் துவாரம் பொருந்தினால் போதுமென்று கிடைத்த கல்லை வாங்கி மாட்டிவிடுகின்றனர். முந்திய வழக்கத்தால் ஆயுதம் கெடும். பிந்திய வழக்கத்தால் கல் வெடித்து உயிருக்கே அபாயம் நேரிடலாம்.

எப்பொழுது மாற்றவேண்டும்

கல் தேயத்தேய அதன் விளிம்பின் வேகம் குறைகிறது. நிமிஷத்துக்கு 2,850 சுற்றுகள் சுற்றும் இயந்திரத்தில் 8 அங்குல விட்டமுள்ள கல்லின் விளிம்பு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 6,000 அடி ஓடும். அக்கல்லே 5 அங்குலமாகத் தேய்ந்தபின் சுமார் 3,700 அடிதான் ஓடும். வேலை மந்தப்படவே, ஆயுதத்தை அழுத்திப் பிடிக்க நேரிட்டுச் சூடு மிகும். கூர் நீலநிறமடைந்தால், அவ்விடம் சுமார் 300 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறி, தோய்ச்சலால் பெற்ற வன்மையில் ஒரு பகுதியை இழந்துவிட்டதென்று அறியலாம். அத்தகைய அரிவாளின் கூர் வேலையில் விரைவில் மழுங்கிவிடும்.

கல்லின் முகம் பளபளத்து அடைபட்டிருந்தால் மட்டும் அதை மாற்ற வேண்டுவதில்லை. டிரஸர் என்னும் கருவியால் முகத்தைச் சுரண்டிப் புதுமணிகளை வெளிப்படுத்தினால் போதும். விரிசல் கண்டாலும், விளிம்பு உடைந்தாலும், ஆயுதத்தை வைக்கும் தாங்கியைக் கல்லுக்கு 1/8 அங்குல தூரத்துக்குள் நகர்த்த இயலாவிட்டாலும், கல்லை அவசியம் மாற்றவேண்டும்.

தக்க கல்லைத் தேர்ந்தெடுத்தல்

சாதாரண எஃகு ஆயுதங்களுக்கு அலுமினியம் ஆக்ஸைடினால் செய்த சாம்பல் அல்லது பழுப்பு நிறக் கல் ஏற்றது. தோய்ச்சலிட்ட கடின எஃகுக்கு அதிலேயே வெள்ளைக் கல் நன்று. அது சூட்டைக் குறைவாக உண்டாக்கும். சிலிகான் கார்பைடு கற்களில் கறுப்பு நிறமுள்ளது வார்ப்பிரும்புக்கும், பச்சை நிறமுள்ளது கார்பைடு முனையுள்ள கருவிகளுக்கும் உரியவை. எஃகைத் தீட்டினால் அவை விரைவில் தேயும். முரட்டு வேலைக்கு 36ஆம் எண் மணியும், கூர் வைப்பதற்கு 60ஆம் எண் மணியும் போதும். கடின உலோகத்துக்கு மிருதுவான கல்லும், மிருதுவான உலோகத்துக்குக் கடினமான கல்லும் வேண்டுமென்பது பொது விதி. மிருதுவான கல்லில் மழுங்கிய மணிகள் எளிதில் உதிர்ந்து புதுமணிகள் வெளிவருவதே இதற்குக் காரணம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கல்லின் மேலொட்டிய காகிதத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம். அது இயந்திரத்தின் வேகத்துக்குக் குறைந்திருந்தால் அக்கல்லை மாட்டவே கூடாது. மண்பாண்டம்போல் சூளையிற் சுட்டுச் செய்யும் சாதாரணக் கற்களுக்குப் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 6,500 அடியே எல்லை. மேற்சொன்ன இயந்திரத்தில் 10 அங்குலக் கல்லை மாட்டினால் விளிம்பின் வேகம் 7,400 அடியைத் தாண்டிவிடும்.

சோதித்து மாட்டுதல்

புதுக் கல்லைத் துடைத்து, துவாரத்தில் விரலைக் கோத்துத் தொங்கவிட்டு, மரக் கைப்பிடியால் விளிம்பினருகே பல இடங்களில் மெல்லத் தட்டவேண்டும். மணிபோல் தெளிவான ஓசை எழுந்தால் கல் நல்லது. உடைந்த பானைபோல் ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கிறதென்று விலக்கிவிடவேண்டும்.

பின்னர் மின்சாரத்தை அடியோடு துண்டித்து, பக்கமூடியைக் கழற்றி, கல் சுழலாதபடி மரத்துண்டால் தடுத்துக்கொண்டு நட்டைத் திருகவேண்டும். வலப்பக்கத்து நட்டு வழக்கம்போல் இடஞ்சுழியாகக் கழலும். இடப்பக்கத்து நட்டுக்கு மரை எதிரானதாகையால் அது வலஞ்சுழியாகவே கழலும். இதை அறியாமல் பலவந்தம் செய்வோர் மரையைக் கெடுத்துவிடுவர்.

கல் அச்சில் தாராளமாக நுழையவேண்டும். சுத்தியால் அடித்தேற்றுவதும், துவாரத்தைக் குடைந்து பெரிதாக்குவதும் கூடா. இருபுறத் தட்டுகளும் ஒரே அளவாயும், கல்லின் விட்டத்தில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமலும் இருக்கவேண்டும். கல்லுக்கும் தட்டுக்கும் இடையே காகித வட்டம் இருத்தல் அவசியம். கல் நழுவாத அளவுக்கு மட்டும் நட்டை இறுக்கினால் போதும். மிதமிஞ்சி இறுக்கினால் கல் விரிந்துவிடும்.

மூடியைத் திரும்ப மாட்டி, தாங்கியைக் கல்லுக்கு 1/8 அங்குலத்துக்கு மிகாமலும், மேல்தகட்டை 1/4 அங்குலத்துக்கு மிகாமலும் அமைத்து, கல்லைக் கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். பிறகு எதிரே நில்லாமல் பக்கத்தில் ஒதுங்கி நின்று, ஒரு நிமிஷமாவது இயந்திரத்தை வெறுமனே ஓடவிடவேண்டும். மறைந்திருந்த பழுது பெரும்பாலும் இந்நேரத்திலேயே வெளிப்படும்.

பொதுப் பட்டறைகளைப் பார்வையிடும் கிராம அதிகாரிகள், பக்கமூடி இருக்கிறதா, தாங்கி நெருங்கியிருக்கிறதா, வேலைசெய்வோர் கண்ணாடி அணிகின்றனரா என்ற மூன்றையும் விசாரித்தல் நலம். புதுக் கல்லுக்கு ஆகும் செலவு சொற்பமே. கண்ணையோ உயிரையோ இழந்தபின் எச்செலவினாலும் அதனை ஈடுசெய்ய இயலாது.