மூளைக்கட்டி: ஆய்வுக்கும் ஆதரவுக்கும் ஒரே நிதி

மூளைக்கட்டிக்காக நிதி திரட்டும் எந்தத் தொண்டு நிறுவனமும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வரும் பணத்தை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா, நோயில் சிக்கித் தவிக்கும் குடும்பங்களுக்குக் கொடுப்பதா? ஆராய்ச்சி நாளைய நோயாளிக்கு, உதவி இன்றைய நோயாளிக்கு, ஒன்றுக்குக் கூட்டினால் மற்றொன்றுக்குக் குறையும் என்றே நன்கொடையாளர்கள் பலரும் நினைக்கிறார்கள். வரவு செலவுக் கணக்கில் அது சரிதான். ஆனால் பிரிட்டனில் இயங்கும் ‘தி பிரெய்ன் டியூமர் சாரிட்டி’ என்ற அமைப்பு செய்துவந்திருப்பதைப் பார்க்கும்போது, இந்த நோயின் விஷயத்தில் அவை இரண்டு வேலைகள் அல்ல என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது. குடும்பங்களின் கை படாமல் இங்கே ஆராய்ச்சியே நகராது.

அந்த அமைப்பு பிறந்ததே ஒரு வீட்டில்தான். நீல் டிக்சன், ஏஞ்சலா டிக்சன் தம்பதியின் மகள் சமந்தா 1996-ல் மூளைக்கட்டியால் இறந்தபோது அவளுக்கு வயது 16. இந்த நோய்க்கான ஆராய்ச்சிக்குப் பணம் மிகச் சொற்பமாகவே கிடைக்கிறது என்று அறிந்த பெற்றோர், மகள் பெயரில் ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். அது 2013-ல் வேறு இரண்டு அமைப்புகளுடன் இணைந்து இன்றைய பெயரைப் பெற்றது. அதன் பணிகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, நாட்டிங்ஹாம் ஆராய்ச்சியாளர்களுடனும் குழந்தை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியுடனும் சேர்ந்து 2011-ல் தொடங்கிய ‘ஹெட்ஸ்மார்ட்’ என்ற பிரசாரம். பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் 500 குழந்தைகளுக்கு மூளைக்கட்டி வருகிறது. ஒரு குடும்ப மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் இப்படி ஒரு குழந்தையைப் பார்த்தால் உண்டு, பார்க்காமலே ஓய்வுபெறவும் கூடும். ஆனால் தலைவலியோடும் வாந்தியோடும் வரும் குழந்தைகளை அவர் தினமும் பார்க்கிறார். அதனால் வயிற்றுக் கோளாறு, ஒற்றைத் தலைவலி என்று மருந்து கொடுத்து அனுப்புவதும், குடும்பம் திரும்பத் திரும்ப வருவதும் நடந்தன. ஒரு காலத்தில், நோய்க்குறி தோன்றிய நாளிலிருந்து நோய் இன்னதென்று தெரிவதற்குப் பாதிக் குழந்தைகளுக்கு 14 வாரங்களுக்கும் மேல் ஆனது. மருத்துவர்களுக்கு முதலில் ஒரு வழிகாட்டுதல் வந்தது. அதன்பின் ஹெட்ஸ்மார்ட், எந்த வயதில் எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும் என்று சிறிய அட்டைகளாக அச்சிட்டுப் பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்தது. கைக்குழந்தை என்றால் விடாத வாந்தி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பது, தலையின் சுற்றளவு வேகமாகப் பெருகுவது. பள்ளி வயதில் நடை தடுமாறுவது, பார்வை மங்குவது, தொடர்ந்த தலைவலி. வளரிளம் பருவத்தில் இவற்றோடு பூப்பெய்துவது தாமதமாவது அல்லது நின்றுபோவது. சில ஆண்டுகளில் அந்த 14 வாரம் ஏழுக்கும் கீழே இறங்கியது. எந்தப் புது மருந்தும் கருவியும் இல்லாமல் நடந்த மாற்றம் இது. நான்கு வாரத்துக்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கு.

முன்கூட்டியே கண்டுபிடித்தால் உயிர் பிழைப்பது கூடுமா என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாக் கட்டிகளிலும் அப்படிச் சொல்ல முடியாது. வேகமாக வளரும் கட்டிகள் அறிகுறியையும் சீக்கிரம் காட்டிவிடும், ஆகவே விரைவில் தெரிந்தாலும் முடிவு கொடியதாக இருக்கக்கூடும். மெதுவாக வளர்பவை மாதக்கணக்கில் ஏமாற்றும். ஆனால் அந்த மாதங்களில்தான் கண் நரம்பு நசுங்கிப் பார்வை போகிறது, மூளைக்குள் நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. பிழைத்த குழந்தை அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளைப் பார்வையோடு வாழுமா, இல்லாமலா என்பதை அந்த வாரங்கள் தீர்மானிக்கக்கூடும். இறந்தவர், பிழைத்தவர் என்ற இரண்டு பத்திகளை மட்டும் வைத்து எழுதும் கணக்கில் இந்த ஆதாயம் விழுவதே இல்லை.

பெரியவர்களைத் தாக்கும் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியில் நிலைமை இதைவிடக் கடினம். அறுவை சிகிச்சையோடு கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 12.1 மாதம் வரையும், டெமோசோலமைடு மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப்பேர் 14.6 மாதம் வரையும் உயிரோடு இருந்தார்கள் என்று 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டரை மாதம்தானா என்று தோன்றும். ஆனால் இரண்டு ஆண்டுகளைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக உயர்ந்ததும் அதே ஆய்வில்தான். அதன்பின் இருபது ஆண்டுகள் ஆகியும் அடிப்படைச் சிகிச்சை பெரிதாக மாறவில்லை. கட்டியின் செல்கள் நல்ல மூளைத் திசுவுக்குள் வேர்விட்டுப் பரவுவதால் முழுவதையும் வெட்டியெடுக்க முடியாது. இரத்தத்தில் செலுத்தும் பெரும்பாலான மருந்துகளை மூளையின் இரத்தக்குழாய்ச் சுவரே தடுத்துவிடும். அந்தத் தடுப்பைத் தாண்டக்கூடிய டெமோசோலமைடு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸ் குழுவினர் அதை உருவாக்கியபோது துணை நின்றது ‘கேன்சர் ரிசர்ச் கேம்பெய்ன்’ என்ற தொண்டு நிறுவனம். மக்கள் கொடுத்த நன்கொடை அது.

இன்னொரு தடை, ஆராய்வதற்குத் திசு கிடைக்காதது. மார்பிலோ தோலிலோ உள்ள கட்டியிலிருந்து எடுப்பதுபோல் மூளையிலிருந்து மீண்டும் மீண்டும் எடுக்க முடியாது. குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் டிஐபிஜி என்ற கட்டியில் அந்த அபாயத்துக்கு அஞ்சி, ஸ்கேனை மட்டும் வைத்தே நோயை உறுதிசெய்யும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நோயைப் பற்றிய அறிவும் அங்கேயே நின்றுபோனது. அந்தக் கதவைத் திறந்தவர்களில் முதன்மையானவர்கள் பெற்றோர்கள். குழந்தை இறந்த சில மணி நேரத்துக்குள் கட்டியின் திசுவை எடுத்துக்கொள்ளச் சம்மதம் தந்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜே அப்படிக் கிடைத்த திசுவிலிருந்து செல்களை ஆய்வகத்தில் வளர்த்தார். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மரபணுவில் ஒரே இடத்தில் ஏற்படும் மாற்றத்தைச் சுமக்கின்றன என்பது 2012-ல் தெரியவந்தது. அதே மாற்றம் உள்ள மூளை நடுப்பகுதிக் கட்டி சிகிச்சைக்குப் பிறகும் வளர்ந்தால் கொடுப்பதற்கு, டோர்டாவிப்ரோன் என்ற மருந்தை அமெரிக்கா 2025 ஆகஸ்டில் அங்கீகரித்தது. ஆய்வில் இருந்த 50 பேரில் 22 சதவீதத்தினரிடம் கட்டி சுருங்கியது. நோயை ஒழிக்கும் மருந்தல்ல. ஆனாலும் இந்தக் கட்டிக்கென்றே வந்த முதல் மருந்து. அந்தச் சம்மதத்தை ஒரு தாயிடமும் தந்தையிடமும் யார் கேட்பது, எந்த நம்பிக்கையில் அவர்கள் சரி என்பார்கள்? நோய் தெரிந்த நாளிலிருந்து கூடவே நின்றவர்கள் கேட்டால்தான் அந்தப் பேச்சுக்கே இடமுண்டு.

கூட நிற்பது என்றால் என்ன என்பதும் இந்த நோயில் தனி. பிரிட்டனில் சிகிச்சை இலவசம். ஆனாலும் வீரியமான கட்டி வந்தவர் சிகிச்சை முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டுகள் வண்டி ஓட்ட முடியாது, வேலை போகிறது, வலிப்பு வருமோ என்ற பயத்தில் தனியாக விட முடிவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சிலருக்குக் குணமே மாறிவிடுகிறது. பொறுமைசாலி என்று பெயரெடுத்த மனிதர் சின்ன விஷயத்துக்குக் கத்துகிறார், பிள்ளையின் பெயரை மறக்கிறார். அது நோயின் வேலை, அவருடைய மனசு அல்ல என்று மனைவிக்கு எடுத்துச் சொல்ல ஒரு தொலைபேசிக் குரல் தேவைப்படுகிறது. அந்தக் குரலுக்கு அவள் சொல்லும் பதில் மருத்துவத்துக்கும் தேவை. ஒரு மருந்து மூன்று மாதம் ஆயுளைக் கூட்டியது என்றால் அந்த மூன்று மாதம் எப்படிக் கழிந்தது என்பதை ஸ்கேன் காட்டாது. இதற்காகவே இந்த அமைப்பு ‘பிரையன்’ என்ற தரவுத் தளத்தை நடத்துகிறது. நோயாளிகள் தாங்களே விரும்பி மருத்துவப் பதிவுகளையும் அன்றாட அனுபவத்தையும் அதில் தருகிறார்கள், ஆராய்ச்சியாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அரிதான நோய்க்கு இவ்வளவு செலவா, அப்படியே செய்ய வேண்டுமானால் அது அரசின் பொறுப்பில்லையா என்ற ஆட்சேபம் மிச்சமிருக்கிறது. அரிது என்பதால்தான் மருந்து நிறுவனங்கள் தயங்குகின்றன, அந்த இடத்தை வேறு யாராவது நிரப்பித்தான் ஆக வேண்டும். அரசின் பொறுப்பு என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் முன்னாள் அமைச்சர் டெஸ்ஸா ஜோவெல் கிளியோபிளாஸ்டோமாவோடு பிரபுக்கள் சபையில் பேசி, சில மாதங்களில் இறந்த 2018-ல் பிரிட்டன் அரசு 4 கோடி பவுண்டு அறிவித்தது. ஐந்து ஆண்டுகள் ஆன பின்பும் அதில் பாதிகூடச் செலவாகவில்லை. இத்துறையில் ஆய்வாளர்களும் ஆய்வகங்களும் குறைவாக இருந்ததால் நிதி பெறும் தரத்தில் திட்டங்கள் போதிய அளவு வரவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பெரிய நிதியை வாங்கி வேலை செய்யக்கூடிய ஆட்களை முதலில் உருவாக்க வேண்டியிருக்கிறது. இந்த அமைப்பு இளம் விஞ்ஞானிகளுக்குத் தனி நிதியுதவித் திட்டம் வைத்திருப்பதும், கட்டியின் மரபணுவைப் பரிசோதித்து அதற்கேற்ற மருந்தைத் தேடும் ‘பிரெய்ன் மேட்ரிக்ஸ்’ என்ற ஆய்வுக்கு 28 லட்சம் பவுண்டு கொடுத்ததும் அதற்காகத்தான். அந்த ஆய்வு இப்போது டெஸ்ஸா ஜோவெலின் பெயரைத் தாங்கி, பர்மிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்டு நடக்கிறது.